ஜேன் ஐர், பிபிசி 2006 தொடர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷார்லட் பிராண்டே எழுதி 1847 அக்டோபரில் வெளிவந்த 'ஜேன் ஐர்' நாவலை, பிபிசி 2006-இல் நான்கு பகுதித் தொடராக எடுத்தது. தொடரைப் பார்க்கத் தொடங்குபவர்களும், பார்த்து முடித்துவிட்டு நாவலைக் கையில் எடுப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே இருக்கின்றன. கதையின் ரகசியமும் முடிவும் வெளிப்படையாகப் பேசப்படுகின்றன. ஒன்றும் தெரியாமல் பார்க்க விரும்புகிறவர்கள் முதல் இரண்டு பதில்களோடு நிறுத்திக்கொண்டு, தொடரை முடித்தபின் மீதியைப் படிக்கலாம்.

ஒரே பெயரில் இத்தனை தொடர்களும் படங்களும் இருக்கின்றன. 2006 தொடரை எப்படி அடையாளம் காண்பது?

நடிகர் பெயரைப் பாருங்கள். ஜேனாக ரூத் வில்சன், ராச்செஸ்டராக டோபி ஸ்டீஃபன்ஸ் என்றிருந்தால் இதுதான். இயக்கம் சூசன்னா வைட், திரைக்கதை சாண்டி வெல்ச். பிபிசி ஒன்னில் 2006 செப்டம்பர் 24 முதல் அக்டோபர் 15 வரை ஞாயிறுதோறும் வந்தது. நான்கு எபிசோடுகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மணி நேரம்.

11 எபிசோடு என்று போட்டிருந்தால் அது டிமதி டால்டனும் ஸீலா கிளார்க்கும் நடித்த 1983 பிபிசி தொடர். ஐந்து எபிசோடு என்றால் சோர்ச்சா கூசாக், மைக்கேல் ஜேஸ்டன் நடித்த 1973 தொடர். சமந்தா மார்ட்டன், கியரன் ஹைண்ட்ஸ் பெயர் இருந்தால் 1997-இல் ஐடிவி அலைவரிசைக்காக எடுத்த ஒற்றைத் தொலைக்காட்சிப் படம். அதிகம் குழப்புவது மியா வாசிகோவ்ஸ்கா நடித்த 2011 திரைப்படம்தான். அதுவும் 2006 தொடரும் ஒரே மாளிகையில் எடுக்கப்பட்டவை என்பதால் இணையத்தில் இரண்டின் படங்களும் கலந்து கிடக்கின்றன.

டிவியிலோ கணினியிலோ பார்க்கும்போது என்ன செட்டிங் வைக்க வேண்டும்?

இரவுக் காட்சிகள் நிறைய. மெழுகுவத்தி, கணப்பு, ஜன்னல் வெளிச்சம் ஆகிய மூன்றையும் நம்பிப் பல அறைக்காட்சிகள் நகர்கின்றன. டிவி 'விவிட்' நிலையில் இருந்தால் கறுப்பு சாம்பலாக வெளுத்து, முகங்கள் செம்மஞ்சளாகிவிடும். 'சினிமா' அல்லது 'மூவி' நிலைக்கு மாற்றுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் பழங்காலக் கதை நாடக ஒத்திகைபோலத் தெரியும். பகல் வெளிச்சத்தில் கைப்பேசியில் பார்ப்பவர்கள்தான் "ஒன்றுமே தெரியவில்லை" என்று பெரும்பாலும் குறைப்படுகிறார்கள்.

ஒலியிலும் ஒரு சிக்கல் உண்டு. ரூத் வில்சன் பல வசனங்களைத் தாழ்ந்த குரலில் சொல்கிறார். வடக்கு இங்கிலாந்து உச்சரிப்பு பழகாத காதுக்கு ஆங்கில சப்டைட்டில் போட்டுக்கொள்வது நல்லது.

டிவிடி வாங்குவதாக இருந்தால் மண்டல எண்ணைக் கவனியுங்கள். பிரிட்டன் தட்டு 2, அமெரிக்கத் தட்டு 1. இந்தியாவிலும் இலங்கையிலும் விற்கும் பிளேயர்களுக்கு 5, மலேசியா, சிங்கப்பூருக்கு 3. எல்லா மண்டலத்தையும் ஏற்கும் பிளேயர் இல்லாவிட்டால் தட்டு ஓடாது. 1983 தொடரைப் பார்ப்பவர்கள் கூடுதலாக ஒன்று செய்ய வேண்டும்: அது 4:3 அளவில் எடுக்கப்பட்டது. திரை முழுக்க இழுத்துவிட்டால் எல்லோரும் குட்டையாகவும் குண்டாகவும் தெரிவார்கள்.

கதை என்ன?

பெற்றோரை இழந்த பத்து வயது ஜேன், தாய்மாமன் வீட்டில் வளர்கிறாள். மாமன் இறந்துவிட்டார், அவர் மனைவி திருமதி ரீடுக்கு இவளைக் கண்டாலே ஆகாது. லோவுட் என்ற தர்மப் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார். அங்கே ஆறு வருடம் படித்து, இரண்டு வருடம் கற்பித்துவிட்டு, 18 வயதில் தார்ன்ஃபீல்ட் மாளிகைக்கு கவர்னஸாக, அதாவது வீட்டோடு தங்கிப் பாடம் சொல்லித்தரும் ஆசிரியையாக வருகிறாள். வீட்டுக்காரர் ராச்செஸ்டர், நாற்பதை நெருங்குபவர். மாடியில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது, நள்ளிரவில் அவர் கட்டில் தீப்பிடிக்கிறது. இருவரும் காதலித்துக் கல்யாணம்வரை போகிறார்கள். சர்ச்சில் ஒருவர் எழுந்து, இவருக்கு ஏற்கெனவே மனைவி உயிரோடு இருக்கிறாள் என்கிறார். மனநிலை பிறழ்ந்த அந்த மனைவி பெர்த்தாதான் மேல்மாடியில் அடைத்துவைக்கப்பட்டிருப்பவள். ஜேன் ஓடிப்போகிறாள். பிறகு திரும்பி வருகிறாள்.

இதை 'காத்திக்' என்று ஏன் சொல்கிறார்கள்?

பழைய பெரிய வீடு, பூட்டிய மாடி, இருட்டில் நடமாட்டம், குடும்பத்துக்குள் புதைத்த குற்றம், தனியாக மாட்டிக்கொண்ட ஒரு பெண். இந்தச் சரக்கையெல்லாம் வைத்து 18-ஆம் நூற்றாண்டிலிருந்தே இங்கிலாந்தில் கதைகள் வந்துகொண்டிருந்தன. ஷார்லட் அதே சரக்கை எடுத்து, நடுவில் கண்ணைத் திறந்துகொண்டு கேள்வி கேட்கும் ஒரு கவர்னஸை வைத்தார். மயங்கி விழுவதற்குப் பதில் மெழுகுவத்தியை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து பார்க்கிறவள் அவள். கட்டில் எரியும்போது தண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்து அணைப்பவளும் அவளே.

நாவலோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். எந்த அத்தியாயம் எங்கே வரும்?

நாவலில் 38 அத்தியாயங்கள். 1 முதல் 4 வரை மாமன் வீடு, 5 முதல் 10 வரை லோவுட், 11 முதல் 27 வரை தார்ன்ஃபீல்ட். நடுவே 21-இல் ஜேன் சாகக் கிடக்கும் மாமன் மனைவியைப் பார்த்துவிட்டு வருகிறாள். 28 முதல் 35 வரை, ஓடிப்போன ஜேனுக்கு இடம் தரும் பாதிரியார் செயின்ட் ஜான் ரிவர்ஸின் வீடும் கிராமத்துப் பள்ளியும். 36, 37-இல் திரும்பி வருதல். 38 முடிவுரை.

தொடரின் முதல் எபிசோடிலேயே பத்து அத்தியாயங்கள் கடந்துபோய் நாம் தார்ன்ஃபீல்டில் இருக்கிறோம். இரண்டாம் எபிசோடு விருந்தினர் கூட்டத்தையும், ராச்செஸ்டர் மணக்கப்போவதாகப் பேசப்படும் பிளான்ச் இங்ரமையும் சுற்றியது. மூன்றாவதில் காதல் வெளிப்பாடும் முறிந்த கல்யாணமும். நான்காவது மேட்டுநிலப் பொட்டலில் விழுந்து கிடக்கும் ஜேனிடமிருந்து தொடங்கி, அவள் எப்படிப் பிரிந்து வந்தாள் என்பதை நினைவுகளாகக் காட்டுகிறது.

நாவல் 1,80,000 சொற்களுக்கு மேல். நிமிடத்துக்கு 150 சொல் என்று வாய்விட்டு வாசித்தால் 20 மணி நேரம் ஆகும். தொடருக்குக் கிடைத்தது நான்கு மணி. ஐந்தில் நான்கு பங்கு எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். சாண்டி வெல்ச் எங்கே கை வைத்தார் என்பது தெளிவு: இரண்டு முனைகளையும் சுருக்கி, நடுவில் ஜேனும் ராச்செஸ்டரும் பேசிக்கொள்ளும் இடங்களை அகலமாக விட்டார். தொடரின் பலமும் பலவீனமும் இந்த ஒரு முடிவிலிருந்தே வருகின்றன.

காப்புரிமை முடிந்த நூல் என்பதால் ஆங்கில மூலம் புராஜெக்ட் குட்டன்பெர்க் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

லோவுட் பள்ளி ஏன் இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடுகிறது?

மேலே சொன்ன சுருக்கத்தின் விலை இதுதான். நாவலை நேசிப்பவர்களுக்கு மிகவும் வலிப்பதும் இந்த இடமே. லோவுட் ஷார்லட்டின் சொந்தக் காயம். அவர் 1824-இல் கோவன் பிரிட்ஜ் என்ற ஊரில் பாதிரிமார் மகள்களுக்கான பள்ளியில் சேர்க்கப்பட்டார். மூத்த சகோதரிகள் மரியாவும் எலிசபெத்தும் அங்கே நோயுற்று வீடு திரும்பி 1825-இல் காசநோயில் இறந்தார்கள். நாவலில் ஜேனின் பள்ளித் தோழி ஹெலன் பர்ன்ஸுக்கு முன்மாதிரி மரியா.

நாவலில் லோவுட் ருசியால் நினைவில் நிற்கிறது. முதல் நாள் காலை கருகிப்போன கஞ்சி. பசித்த பிள்ளைகள் இரண்டு கரண்டி வாயில் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளுகிறார்கள். தலைமை ஆசிரியை மிஸ் டெம்பிள் தன் பொறுப்பில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தரச்சொல்கிறார். பிறகு பள்ளியை நிர்வகிக்கும் பிராக்கிள்ஹர்ஸ்ட் வந்து அதற்கே அவரைக் கடிந்துகொள்கிறார். பிள்ளைகளின் ஆன்மாவைப் பட்டினி போட்டுவிட்டு உடம்புக்குத் தீனி போட்டாயே என்பதுதான் அவர் வாதம். கொஞ்ச நேரத்தில் அவருடைய சொந்த மகள்கள் வெல்வெட்டும் பட்டும் உடுத்தி உள்ளே நுழைகிறார்கள். தொடரில் சிறுமி ஜேனாக வரும் ஜார்ஜி ஹென்லியின் முகத்தில் பிடிவாதம் இருக்கிறது, ஹெலனின் மரணமும் இருக்கிறது. அந்தப் பசி மனத்தில் ஊறுவதற்குள் வருடங்கள் ஓடிவிடுகின்றன. 5 முதல் 9 வரையான அத்தியாயங்களை மட்டுமாவது படியுங்கள். பின்னால் ஜேன் ஒவ்வொரு முறை "முடியாது" என்னும்போதும் அது எங்கிருந்து வருகிறது என்று தெரியும்.

நாவலில் ஜேன் 'நான்' என்று நம்மிடம் நேரே பேசுகிறாள். தொடரில் அது எப்படி வருகிறது?

பின்னணிக் குரலை நம்பி இந்தத் தொடர் நகரவில்லை. மாறாக, ஜேன் பார்க்கிறவற்றையும் வரைகிறவற்றையும் நமக்குக் காட்டுகிறது. முதல் காட்சியே பாலைவனம்: செந்நிற உடையில் ஒரு சிறுமி மணலில் தனியே நிற்கிறாள். அடுத்த கணம் அவள் திரைச்சீலைக்குப் பின்னால் புத்தகத்தோடு ஒளிந்திருப்பது தெரிகிறது. அந்த வீட்டில் ரீட் குடும்பம் ஓவியருக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. ஜேனுக்கு அந்தப் படத்தில் இடமில்லை.

நாவலிலும் ஜேன் ஓவியம் வரைகிறவள்தான். 16-ஆம் அத்தியாயத்தில் ராச்செஸ்டர் மீது ஆசை வைத்ததற்காகத் தனக்குத் தானே ஒரு தண்டனை கொடுத்துக்கொள்கிறாள். கண்ணாடியைப் பார்த்துத் தன் முகத்தை ஒரு குறையும் மறைக்காமல் வண்ணக்கட்டியில் வரைய வேண்டும். அது ஓரிரண்டு மணி நேரத்தில் முடிகிறது. பிறகு, கண்ணால் கண்டிராத பிளான்ச்சை மற்றவர்கள் சொன்னதை வைத்துத் தந்தத் தகட்டில் நுணுக்கமாகத் தீட்ட வேண்டும். அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கிறது. தனக்கு இரண்டு மணி, போட்டியாளுக்கு இரண்டு வாரம். மனசின் கணக்கை இதைவிடத் துல்லியமாகச் சொல்லிவிட முடியாது.

குறி சொல்லும் ஜிப்ஸி காட்சியை ஏன் மாற்றினார்கள்?

நாவலில் ராச்செஸ்டரே நாடோடி ஜிப்ஸிக் கிழவி வேடம் போட்டு விருந்தினர்களுக்கும் ஜேனுக்கும் குறி சொல்கிறார். புத்தகத்தில் படிக்கும்போது நம்பிவிடலாம், ஏனெனில் விளிம்பு அகன்ற தொப்பியும் கட்டிய துணியும் குரலும் மட்டுமே நமக்குத் தரப்படுகின்றன. திரையில் நாயகன் முகம் முதல் நொடியிலேயே தெரிந்துவிடும். தெரிந்தபின் ஜேன் ஏமாறினால் அவள் முட்டாளாகிவிடுவாள், ஏமாறாவிட்டால் காட்சியே இல்லை. 2006 தொடர் உண்மையான ஒரு பெண்ணைக் குறி சொல்ல அழைத்து, ராச்செஸ்டரை மறைவில் வைத்துவிட்டது. நல்ல தீர்வு.

அதே விருந்தில் எழுத்துப் பலகையைச் சுற்றி உட்கார்ந்து ஆவியோடு பேசும் விளையாட்டு ஒன்றும் வருகிறது. இது நாவலில் கிடையாது, காலத்துக்கும் பொருந்தாது. ஆவிகளோடு பேசும் மோகம் அமெரிக்காவில் 1848-இல்தான் கிளம்பியது. வீஜா பலகை எனப்படும் அந்த எழுத்துப் பலகை 1890-களில் விற்பனைக்கு வந்த பொருள். காட்சி கலகலப்பாக இருக்கிறது என்பதற்காக இதை மன்னிக்கலாம், வரலாறு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

விருந்தில் இரட்டைப் பிள்ளைகளைப் பற்றி ஒரு பேச்சு வருகிறதே, எதற்கு?

கடைசியில் வரப்போகும் குரலுக்காக. நாவலில் ஜேன் செயின்ட் ஜானை மணக்கச் சம்மதம் சொல்லப்போகும் கணத்தில், எங்கோ தொலைவில் இருக்கும் ராச்செஸ்டர் தன் பெயரை மூன்று முறை அழைப்பதைக் கேட்கிறாள். அதே திங்கள் இரவில் தான் அப்படிக் கூப்பிட்டதாக அவர் பிறகு சொல்கிறார். தனக்குக் கேட்டது என்பதை ஜேன் அவரிடம் சொல்லாமல் வாசகரிடம் மட்டும் சொல்லுகிறாள்.

இன்றைய பார்வையாளர் இதை "கதாசிரியர் வசதிக்குச் செய்தது" என்று தள்ளிவிடக்கூடும். அதனால் தொடர் முன்கூட்டியே விதை போடுகிறது. பிரிந்திருக்கும் இரட்டையரில் ஒருவருக்கு நேர்வது மற்றவருக்குத் தெரியுமா என்று விருந்தினர் எஷ்டன் ஆராய்ச்சி மனப்பான்மையோடு பேசுகிறார். ஜேனும் ராச்செஸ்டரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். முதல்முறை பார்க்கும்போது நழுவிப்போகும், இரண்டாம் முறை பார்க்கும்போது பிடிபடும்.

ராச்செஸ்டர் ஏன் முறைப்படி விவாகரத்து வாங்கவில்லை?

சட்டத்தில் வழி இல்லை. 1857-க்கு முன் இங்கிலாந்தில் மறுமணத்துக்கு இடம் தரும் முழு விவாகரத்து, ஒவ்வொரு தம்பதிக்கும் தனித்தனியே நாடாளுமன்றத்தில் சட்டம் இயற்றித்தான் கிடைக்கும். பெரும் செல்வர்களுக்கே எட்டும் வழி, அதற்கும் காரணமாக நடத்தைக் குற்றம் காட்டப்பட வேண்டும். மருத்துவர்கள் பெர்த்தாவைப் பைத்தியம் என்று தீர்மானித்தபின் அந்த வழியும் தனக்கு அடைபட்டுவிட்டதென்று 27-ஆம் அத்தியாயத்தில் ராச்செஸ்டர் சொல்கிறார். தீராத மனநோய் விவாகரத்துக்குக் காரணமாக ஏற்கப்பட்டது 1937 சட்டத்தில்தான்.

இது அவருடைய பொய்யை நியாயமாக்காது. ஜேனுக்குத் தெரியாமல் அவளை வைத்து ஒரு குற்றத்தைச் செய்யப் பார்த்தார். தொடரில் டோபி ஸ்டீஃபன்ஸ் அவரைக் கலகலப்பானவராகவும் பிரியமானவராகவும் நடிப்பதால் இது மறந்துபோகும் அபாயம் இருக்கிறது. நாவலின் ராச்செஸ்டர் இன்னும் கரடுமுரடு.

பெர்த்தாவைத் தொடர் எப்படிக் காட்டுகிறது?

நாவலில் பெர்த்தா ஏறக்குறைய மிருகமாக விவரிக்கப்படுகிறாள்: நாலு காலில் ஓடுகிறாள், உறுமுகிறாள். அவள் தரப்பை யாரும் கேட்பதில்லை. தொடரில் கிளாடியா கூல்ட்டர் நடித்த பெர்த்தா அழகும் ஆசையும் உள்ள பெண்ணாகத் தெரிகிறாள். மாளிகைக் கோபுர ஜன்னலில் அவ்வப்போது ஒரு சிவப்புத் துணி காற்றில் படபடக்கிறது. அவள் அங்கே இருக்கிறாள் என்பதற்கு அதுவே அடையாளம். முதல் காட்சியில் சிறுமி ஜேன் உடுத்திய அதே நிறம் என்பதைக் கவனியுங்கள்.

பெர்த்தாவின் கதையை ஜமைக்காவிலிருந்து சொல்லும் நாவலை ஜீன் ரீஸ் 1966-இல் எழுதினார், 'வைட் சர்காசோ சீ' என்ற பெயரில். அதையும் பிபிசி இதே 2006 அக்டோபரில் ரெபெக்கா ஹால், ரேஃப் ஸ்பால் நடிப்பில் படமாக ஒளிபரப்பியது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பது நல்ல பயிற்சி. முதலில் ஜேன், பிறகு பெர்த்தா என்ற வரிசையில் பாருங்கள்.

கட்டிலில் இருவரும் படுத்திருக்கும் காட்சி நாவலில் உண்டா?

இல்லை. முறிந்த கல்யாணத்துக்குப் பிறகு நடக்கும் நீண்ட வாக்குவாதம் நாவலில் உண்டு, முத்தத்துக்கு ஜேன் இடம் தருவதில்லை. தொடர் அந்த வாக்குவாதத்தின் ஒரு பகுதியைக் கட்டிலுக்கு நகர்த்தி, நெருக்கத்தைக் கூட்டியிருக்கிறது. 1847-இன் ஒரு கவர்னஸ் இப்படி இருந்திருப்பாளா என்று கேட்பவர்கள் பக்கமே நியாயம் அதிகம். ஆனால் காட்சி ஒன்றைச் சரியாகச் செய்கிறது: ஜேனுக்கு ஆசை இல்லாததால் அவள் போகவில்லை, இருந்தும் போகிறாள் என்பது அதில் தெளிவாகத் தெரிகிறது.

ஜேனுக்கு எவ்வளவு சம்பளம்? அதற்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்?

லோவுடில் வருடத்துக்கு 15 பவுண்டு, தார்ன்ஃபீல்டில் 30. ஷார்லட் காசு விஷயத்தில் எப்போதும் கறாரானவர். 21-ஆம் அத்தியாயத்தில் ஊருக்குப் புறப்படும் ஜேனிடம் ராச்செஸ்டர் 50 பவுண்டு நோட்டை நீட்டுகிறார். பாக்கி 15 தானே, என்னிடம் சில்லறை இல்லையே என்கிறாள். அவர் யோசிக்கிறார், 50-ஐக் கொடுத்தால் மூன்று மாதம் திரும்பி வரமாட்டாள். பத்தைக் கொடுத்து, இது போதாதா என்கிறார். போதும், ஆனால் இன்னும் ஐந்து தரவேண்டும் என்கிறாள் ஜேன். காதல் வசனம் ஒன்றுகூட இல்லை. காதல் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

பிறகு தப்பியோடும்போது கையில் இருப்பது 20 ஷில்லிங். வண்டிக்காரர் 30 கேட்கிறார், 20-க்கு எவ்வளவு தூரம் போகுமோ அங்கே இறக்கிவிடுகிறார். துணிமூட்டையை வண்டியிலேயே மறந்துவிடுகிறாள். பன்றிக்குக் கொட்டப்போன ஆறிய கஞ்சியைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள். கடைசியில் மதீரா தீவில் இருந்த தந்தையின் சகோதரர் விட்டுச்சென்ற 20,000 பவுண்டு வருகிறது. அதை நாலாகப் பிரித்து, தனக்கு 5,000 மட்டும் வைத்துக்கொள்கிறாள். ராச்செஸ்டரிடம் அவள் திரும்புவது சம்பளக்காரியாக இல்லை என்பதை இந்த எண்களே சொல்லிவிடுகின்றன.

செயின்ட் ஜான் ஜேனுக்கு என்ன உறவு? 'அண்ணன்' என்று சப்டைட்டில் போடலாமா?

தமிழில் பார்க்கிறவர்களுக்கு மட்டும் கிடைக்கும் சுவாரசியம் இங்கே இருக்கிறது. செயின்ட் ஜான், அவர் சகோதரிகள் டயானா, மேரி மூவரின் தாய், ஜேனின் தந்தைக்கு உடன்பிறந்தவர். அதாவது செயின்ட் ஜான் ஜேனுக்கு அத்தை மகன், நம் வழக்கில் முறைமாப்பிள்ளை. ஜேனோ அவரிடம், உங்கள் தங்கையாக இந்தியாவுக்கு வருகிறேன், மனைவியாக மாட்டேன் என்கிறாள். ஆங்கிலத்தில் மாமன் பிள்ளை, சித்தப்பா பிள்ளை எல்லாவற்றுக்கும் ஒரே சொல் என்பதால் அங்கே அது இயல்பாக ஒலிக்கிறது. தமிழில் அத்தை மகனை 'அண்ணா' என்றால் காது கூசும்.

'உறவுக்காரர்' என்று மழுப்பினால் கதையின் முடிச்சு தளர்ந்துவிடும், 'அண்ணன்' என்றால் உறவே மாறிவிடும். உறவு வெளிப்படும் இடத்தில் 'அத்தை மகன்' என்றே போட்டுவிட்டு, அவள் மறுக்கும் இடத்தில் 'கூடப்பிறந்தவளைப்போல் வருகிறேன்' என்று எழுதுவது சரியாக அமையும். முறை இருந்தும் மறுக்கிறாள் என்ற கூடுதல் அழுத்தம் தமிழில் தானாகவே வந்து சேரும்.

'நீ', 'நீங்கள்' சிக்கலும் உண்டு. ஜேன் கடைசிவரை ராச்செஸ்டரை 'சார்' என்கிறாள். அவர் 'மிஸ் ஐர்' என்று தொடங்கி 'ஜேன்', 'ஜேனட்' என்று நெருங்குகிறார். அவர் பெயரை மாற்றும் இடத்தில் தமிழில் 'நீங்கள்' என்பதை 'நீ' ஆக்கலாம். ஜேன் பக்கத்தில் 'நீங்கள்' மாறவே கூடாது. தோட்டத்தில் தானும் அவருக்குச் சமம் என்று வெடிக்கும்போதும் அவள் மரியாதையை விடுவதில்லை.

கதையில் இந்தியா எந்த அளவுக்கு வருகிறது?

செயின்ட் ஜான் மதப்பணிக்காக இந்தியா போகத் தயாராகிறவர். ஜேன் படித்துக்கொண்டிருந்த ஜெர்மனை விடச்சொல்லி இந்துஸ்தானி படிக்க வைக்கிறார். இன்னொரு இடம் பலர் கண்ணில் படாமல் போவது. 24-ஆம் அத்தியாயத்தில் ராச்செஸ்டர், தன் காதலி தன்னோடு வாழவும் சாகவும் உறுதி தந்ததாக ஒரு பாட்டைப் பாடுகிறார். சாகும் நேரம் வந்தால் சாவேன், உடன்கட்டை ஏற மாட்டேன் என்று ஜேன் பதில் தருகிறாள். இங்கே உடன்கட்டை சட்டப்படி தடைசெய்யப்பட்டது 1829-இல். யார்க்ஷயரில் ஒரு பாதிரியார் மகளுக்கு அந்தச் சொல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது.

நம் சினிமாவில் இந்தக் கதை வந்திருக்கிறதா?

இந்தியில் திலீப் குமார், மதுபாலா நடித்த 'சங்தில்' (1952) இந்த நாவலைத் தழுவியது. தமிழில் ஜெமினி கணேசன், காஞ்சனா நடித்த 'சாந்தி நிலையம்' (1969) இதன் சாயலைக் கொண்டது. பெரிய பங்களா, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர வரும் பெண், வீட்டுக்குள் ஒரு மறைவு. மார்கஸ் பார்ட்லியின் வண்ண ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது கிடைத்தது.

தார்ன்ஃபீல்டாக வரும் மாளிகை எது? போய்ப் பார்க்க முடியுமா?

டெர்பிஷயரில் பேக்வெல் ஊருக்கு அருகே இருக்கும் ஹாடன் ஹால். பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கும், ஆண்டின் எல்லா நாளும் அல்ல என்பதால் தேதியைப் பார்த்துக்கொண்டு போங்கள். 12-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய கட்டடம். குடும்பம் வேறு மாளிகைக்குக் குடிபெயர்ந்ததால் ஏறக்குறைய 200 ஆண்டு ஆளில்லாமல் கிடந்து, 1920-களில் சீரமைக்கப்பட்டது. அந்த 200 ஆண்டுகளில் யாரும் புதுமோஸ்தரில் இடித்துக் கட்டவில்லை, அதனாலேயே படப்பிடிப்புக்காரர்களுக்கு அது பொக்கிஷம். 1996 திரைப்படமும் இங்கேதான் எடுக்கப்பட்டது.

ஷார்லட் மனத்தில் இருந்த வீடு வேறு. அவர் 1845-இல் தங்கிய ஹாதர்சேஜ் ஊரின் நார்த் லீஸ் ஹாலைப் பலர் சொல்கிறார்கள். இன்னொன்று 1839-இல் அவர் சென்ற நார்ட்டன் கோனியர்ஸ். அங்கே மாடியில் ஒரு மனநோயாளிப் பெண் அடைத்துவைக்கப்பட்டிருந்ததாகக் கதை உண்டு. மேல்மாடிக்குப் போகும் மறைவான படிக்கட்டு ஒன்று 2004-இல் அங்கே சுவருக்குப் பின்னால் கண்டுபிடிக்கப்பட்டது.

1973, 1983, 2006: ஒன்றுதான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால்?

நாவலின் வசனம் வேண்டுமென்றால் 1983. ஜிப்ஸி வேடம்கூட அதில் இருக்கிறது, டிமதி டால்டன் அழகாக இருப்பது மட்டும்தான் ராச்செஸ்டருக்குப் பொருந்தவில்லை. அரங்கில் எடுத்த நாடகத் தன்மையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஜேனின் குரல் வேண்டுமென்றால் 1973. இரண்டு பேர் பேசிப் பேசி ஒருவரையொருவர் கண்டுகொள்வதைப் பார்க்க வேண்டுமென்றால் 2006. முதல்முறை வருகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது 2006-ஐத்தான். ரூத் வில்சனுக்கு இது முதல் பெரிய வேடம். பாஃப்டாவுக்கும் கோல்டன் குளோபுக்கும் பரிந்துரைக்கப்பட்டார்.

பிள்ளைகளோடு பார்க்கலாமா?

பத்து வயதுக்குக் கீழே வேண்டாம். சிவப்பு அறையில் குழந்தையை அடைப்பது, ஹெலனின் மரணம், இரத்தக் காயத்தோடு வரும் பெர்த்தாவின் சகோதரர் மேசன், தீ ஆகியவை சின்னப் பிள்ளைகளைப் பயமுறுத்தும். மேலே சொன்ன கட்டில் காட்சியும், பெர்த்தா பற்றிய நினைவுக் காட்சிகளும் நான்காம் எபிசோடையொட்டி வருகின்றன.

முடிவு நாவலில் இருப்பதுபோலவே இருக்கிறதா?

கல்யாணம் அதேதான். வாசகரைப் பார்த்து 'அவரை மணந்துகொண்டேன்' என்று ஜேன் சொல்லும் புகழ்பெற்ற வரி 38-ஆம் அத்தியாயத்தின் தொடக்கம், முடிவு அல்ல. அதன்பின், மாளிகை எரிந்தபோது பார்வையை இழந்த ராச்செஸ்டருக்கு இரண்டு வருடம் கழித்து ஒரு கண்ணில் பார்வை திரும்புகிறது, முதல் மகனைக் கையில் வாங்கிப் பார்க்கிறார். நாவலின் கடைசிப் பத்தியோ இவர்கள் இருவரைப் பற்றியதே இல்லை. இந்தியாவில் தனியாக மரணத்தை எதிர்நோக்கி இருக்கும் செயின்ட் ஜானின் கடிதத்தோடு நூல் முடிகிறது.

தொடர் மீண்டும் ஓர் ஓவியரின் முன்னால் போய் நிற்கிறது. இந்த முறை வரிசையாக உட்காருவது ஜேனின் குடும்பம்.